பசைமாவு

1975-ஆம் வருஷத்து டைரியில், புரட்டாசி மாதத்துப் பக்கம் ஒன்றில், என் கையெழுத்தில் இப்படி இருக்கிறது: "மாவு நிறுத்தம். காரணம்: பசை. கரை இன்னும் மூடவில்லை." தேதி போடாமல் விட்டிருக்கிறேன். நான் தேதி போடாமல் எழுதுகிற ஆள் இல்லை. அன்று அவ்வளவு கலவரமாக இருந்திருக்க வேண்டும். முன் பக்கத்தையும் பின் பக்கத்தையும் வைத்துப் பார்த்தால் புரட்டாசி பிறந்து இரண்டாவது வாரம் என்று தெரிகிறது. மற்றவை எல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன. நான் பார்த்ததைப் பார்த்ததாகவும் கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவும் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற பஸ் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. முழுக்கக் கரிசல். மழை பெய்தால் கால் வைக்க முடியாது, பெய்யாவிட்டால் வெடிப்புக்குள் கால் போய்விடும். முந்தின வருஷம் ஐப்பசி மழை எங்களைத் தொடாமல் போயிற்று. கம்பு முழங்கால் உயரத்தில் நின்று கருகியது. பருத்தி காய் பிடிக்கவில்லை. கொத்தமல்லி விதைத்தவர்கள் விதையை மண்ணுக்குக் கொடுத்ததுதான் மிச்சம். நிலம் வைத்து உழுகிற சம்சாரி வீடுகளில் உழவு மாடுகளை விற்றார்கள். ஆடு மேய்க்கிற வீடுகளில் ஆண்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு மேற்கே, ஆற்றுப் பாசனத்து வயல்களில் உரத்துக்கு ஆட்டுக்கிடை போடப் போய்விட்டார்கள். வீட்டில் பெண்களும் கிழவர்களும் இருந்தார்கள்.

அந்த ஆவணியில்தான் ஒரு நிவாரணச் சங்கம் எங்கள் ஊருக்கு மாவு கொடுக்க முன்வந்தது. சும்மா கொடுக்கவில்லை. கண்மாய்க் கரையைச் சரி செய்ய வேண்டும். வேலை செய்த நாளுக்கு ஒரு டப்பா கோதுமை மாவு. கரையில் பல வருஷமாக ஒரு பலவீனமான இடம் இருந்தது. மேலே மண் போட்டுப் பூசினால் நிற்காது, அந்த இடத்தை அடிவரை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகக் களிமண் போட்டு இடித்துக் கட்ட வேண்டும் என்றார்கள். அது சரியான யோசனை. ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. வேலை பாதியில் நின்றால் கரையில் ஒரு வண்டி போகிற அளவு வாய் திறந்து கிடக்கும். ஐப்பசி மழைக்குள் மூடாவிட்டால் வருகிற தண்ணீரும் போகும், போட்ட மண்ணும் போகும்.

எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, டைப்ரைட்டிங் லோயர் தேறி, வேலை கிடைக்காமல் நாள்தோறும் பேப்பரும் கிடைத்த புத்தகமும் படித்துக்கொண்டிருந்த எனக்குச் சங்கம் ஒரு வேலை கொடுத்தது. ஆள் வரவு எழுதுவது, வெட்டின மண்ணை அளப்பது, சாயங்காலம் மாவு அளந்து கொடுப்பது.

மாவு வந்த முதல் வாரம் ஊரே திணறியது. எங்களுக்குக் கம்பு தெரியும், சோளம் தெரியும், கேப்பை தெரியும். கோதுமை என்றால் கோவில்பட்டி ஹோட்டலில் பூரி. எண்ணெய்க்கு எங்கே போவது? எல்லா வீட்டிலும் கம்பு மாவைக் கரைத்துக் காய்ச்சுகிற மாதிரியே இதையும் கரைத்துக் காய்ச்சினார்கள். கம்பங்கூழ் ஆறினால் கெட்டியாகும், கையில் எடுக்கலாம். இது ஆறினால் சட்டியோடு ஒட்டிக்கொண்டது.

"ஏலே, இதக் குடிச்சா உதடு ஒட்டிக்கிடும். பேச்சே வராது" என்றார் கரையில் மண் இடிக்கிற பெரியவர் ஒருவர்.

"அப்ப உமக்கு ரெண்டு டப்பாவா அளக்கச் சொல்லுதேன்" என்றாள் மண் சுமக்கிற ஒருத்தி.

அன்றைக்கே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: பசைமாவு. வேறு எந்த ஊரிலும் அந்தப் பெயர் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது. எங்கள் பக்கத்துப் பெண்களுக்குப் பசை என்றால் என்னவென்று விரல் நுனியில் தெரியும். கோவில்பட்டித் தீப்பெட்டிக் கம்பெனிகளுக்குப் பெட்டி ஒட்டுவது வீட்டு வேலை. ஏஜெண்டு சைக்கிளில் மெல்லிய மரச்சீவலும் நீலத்தாளும் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து போடுவார். பெண்கள் சீவலை மடித்து, தாளில் பசை தடவி ஒட்டி, வெயிலில் காயவைத்து, பன்னிரண்டு டஜன் கொண்ட குரோஸ் கணக்கில் திருப்பிக் கொடுப்பார்கள். ஒட்டுகிற பசை மைதா மாவில் காய்ச்சுவது. எலியும் கரப்பானும் பெட்டியைத் தின்னாமல் இருக்க அதில் மயில்துத்தம் என்ற நீல விஷ உப்பைக் கொஞ்சம் பொடித்துப் போடுவார்கள். ஆடு மேய்க்கிற வீடுகளில் இதை வாசலில் உட்கார்ந்தே செய்வார்கள். சம்சாரி வீடுகளில் கதவைச் சாத்திக்கொண்டு செய்வார்கள். ஊர் முழுக்கச் செய்தது என்பதே உண்மை.

ஆனி மாதம் வரை மைதாவை ஏஜெண்டுதான் கொடுத்தார். ஆடியில் கை விரித்துவிட்டார். மைதா விலை ஏறிவிட்டது, பசை உங்கள் பாடு, பசை போடுகிறவர்களுக்குத்தான் சீவல் என்றார். பெண்கள் புளியங்கொட்டையை வறுத்து இடித்துப் பசை காய்ச்சிப் பார்த்தார்கள். நீலத்தாளில் பழுப்புக் கறை படிந்தது. பெட்டிகள் திரும்பி வந்தன. இப்படி வேலை கை நழுவிக்கொண்டிருந்த நேரத்தில்தான் சங்கத்து மாவு வந்தது. வெள்ளை வெளேரென்ற மாவு, காய்ச்சினால் பசை. எந்த வீட்டிலும் யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கை மாவு கஞ்சிச் சட்டிக்குப் போகாமல் பசைச் சட்டிக்குப் போக ஆரம்பித்தது. எனக்கும் தெரியும். அதில் தவறு இருப்பதாக அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

புரட்டாசியில் சங்கத்தின் மேற்பார்வையாளர் மதுரையிலிருந்து ஜீப்பில் வந்தார். நடுத்தர வயது, மெலிந்த உடம்பு, அதிகம் பேசாதவர். மாவு வாங்க நின்ற வரிசைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வரிசையில் நின்றவர்களுக்கு அவர் வந்ததே தெரியாது.

"பசைமாவு இன்னைக்கு நயமா இருக்கு" என்றார் மண் இடிக்கிற அந்தப் பெரியவர்.

"நயமா இருந்தா என்ன, உம் பல்லுல ஒட்டாம இருந்தாச் சரி."

மேற்பார்வையாளர் அந்தப் பெரியவரைத் தொட்டு, "ஏன் பசைமாவுன்னு சொல்றீங்க?" என்று கேட்டார்.

"காய்ச்சிப் பாத்தாத் தெரியும்யா."

"எதுல ஒட்டுவீங்க?"

"கொடல்லதான் ஒட்டுதோம், வேற எதுல?"

எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் அவர் கண் தெருவுக்குப் போய்விட்டது. தெருவில் கட்டில்மேலும் சாக்குமேலும் நீலப் பெட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. அவர் நடந்தார். நான் பின்னால் போனேன்.

தெருவின் முதல் வீடு ஒரு கீதாரியின் வீடு. கீதாரி என்றால் ஆட்டு மந்தைக்குத் தலைவன். அவர் மேற்கே போய் மாதங்கள் ஆகியிருந்தன. அவருடைய மனைவியை நான் அக்கா என்று கூப்பிடுவேன். முப்பது வயதுக்குள் இருக்கும். இரண்டு பெண் பிள்ளைகளும், கண் தெரியாத மாமனாரும், சினையாக இருந்ததால் மந்தையோடு அனுப்பாமல் நிறுத்திக்கொண்ட இரண்டு வெள்ளாடுகளும் அவள் பொறுப்பில் இருந்தன. அந்தத் தெருவில் பெட்டி ஒட்டுவதில் அவள் கைதான் வேகம். ஏஜெண்டு மற்ற வீடுகளுக்கான கட்டுகளையும் அவளிடமே இறக்கிவிட்டுப் போவார். அன்று அவள் காலை நீட்டி, மடியில் பலகை வைத்துச் சீவலை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இரண்டு சட்டிகள்.

"இது என்ன மாவும்மா?"

"கோதும மாவுய்யா."

"எங்க வாங்கினது?"

"இந்தத் தம்பிதான் அளந்து குடுத்துச்சு."

"பசை காய்ச்சவா குடுத்தாரு?"

"வேல செஞ்சதுக்குக் குடுத்துச்சு."

"இந்தச் சட்டியில என்ன?"

"பசை."

"அந்தச் சட்டியில?"

"கஞ்சி."

அவர் குனிந்து இரண்டையும் பார்த்தார். இரண்டும் ஒரே நிறம், ஒரே கெட்டி. "ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"

"துத்தம் போட்டாப் பசை, உப்புப் போட்டாக் கஞ்சி. இன்னும் ரெண்டுலயும் ஒண்ணும் போடல."

பக்கத்து வீட்டுக்காரி அங்கிருந்தே, "நேத்து அவ மாத்திப் போட்டுட்டாய்யா, பெட்டியெல்லாம் உப்புக் கரிக்குது" என்றாள். அவள் நிலைமை தெரியாமல் பேசினாள். அக்கா அவளைப் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது.

மேற்பார்வையாளர் கோபப்படவில்லை. ஒரு சாக்கின் ஓரத்தில் உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார். இந்த மாவு பசித்தவர்களுக்கென்று கப்பலில் வந்தது. விற்கக் கூடாது, மாற்றக் கூடாது என்பது நிபந்தனை. அது தீப்பெட்டியில் ஒட்டியிருக்கிறது என்று யாராவது எழுதிப்போட்டால் இந்த ஊருக்கு மட்டுமல்ல, சுற்றியுள்ள எல்லா ஊருக்கும் நின்றுவிடும். அதனால் அவரே முந்திக்கொண்டு இங்கே நிறுத்துகிறார். பசைக்கு வேறு வழி பண்ணிக்கொண்ட பிறகு சொல்லி அனுப்பினால் வந்து பார்ப்பார்.

"பெட்டி ஒட்டுறதை நிறுத்திட்டீங்கன்னா நாளைக்கே மாவு" என்றார்.

"மாவு எது வரைக்கும்யா தருவீங்க?" என்று அக்கா கேட்டாள்.

"கார்த்திகை வரைக்கும்."

"பெட்டி கார்த்திகைக்குப் பொறவும் வரும்லா. இப்ப நாங்க ஒட்டலேன்னு சொன்னா ஏஜெண்டு வேற ஊருல கொண்டு போட்டுருவாவ. பொறவு மாவும் இருக்காது, பெட்டியும் இருக்காது. அப்பம் என்னத்தக் காய்ச்சது?"

அவர் ஒரு காய்ந்த பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "பெட்டி யாருக்கு?"

"கம்பெனிக்கு."

"சீவல், தாள் எல்லாம்?"

"கம்பெனியுது."

"பசை?"

"எங்களது."

"அப்போ நாங்க உங்களுக்குக் குடுக்கறோம். நீங்க கம்பெனிக்குக் குடுக்கறீங்க" என்றார். "தர்மத்துல நீங்க எங்களை விடப் பெரிய கை."

சிரிக்காமல்தான் சொன்னார். பெட்டியைத் திரும்ப அதே வரிசையில் வைத்துவிட்டு ஜீப்புக்குப் போனார்.

மறுநாள் காலையில் கரையில் வேலை இல்லை. ஆனாலும் எல்லாரும் கரைக்கு வந்தார்கள். வேறு எங்கே போவது? வெட்டின வாய் திறந்து கிடந்தது. அங்கே நின்றுதான் சண்டை நடந்தது. ஒரு சம்சாரி வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"நீங்க நாலு வீட்டுக்காரிய பெட்டி ஒட்டுனதுக்கு ஊரு வாயில மண்ணு விழுந்துட்டு."

"நாலு வீடா?" என்றாள் அக்கா. "மாமா, கதவச் சாத்திட்டு ஒட்டுனாலும் அது பெட்டிதான். உங்க வீட்டு ஓட்டுமேல நீலத்தாளு காயுதது இங்கனயிருந்தே தெரியுது."

எல்லாரும் திரும்பி ஊர்ப்பக்கம் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். அவ்வளவு தூரத்திலிருந்து ஓட்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒதுங்கிப்போனார். சில ஆண்கள் மணியாச்சிப் பக்கம் ரயில்வேயில் கூலி வேலை கிடைக்குமா பார்க்கலாம் என்று கிளம்பினார்கள். அவர்கள் போய்விட்டால் கரையை மூட ஆள் இருக்காது.

அக்கா பெண்களைத் தனியாகக் கூட்டிப் பேசினாள். நான் மண்வெட்டிகளை எண்ணி அடுக்கிக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன், அதனால் கேட்டேன். மேற்பார்வையாளர் சொன்னதையே அவள் தன் பாஷையில் சொன்னாள்.

"நம்ம வயித்துக்கு வந்த மாவ எடுத்து அவிய பெட்டிக்குப் பூசிட்டு, அதையும் நம்ம பசைன்னு சொல்லிட்டுத் திரியுதோம். ஆனி வரைக்கும் தந்தாவல்லா மைதா? அதத் திரும்பத் தரட்டும். தந்தா ஒட்டுவோம். தராம ஒரு பெட்டியும் ஒட்டக் கூடாது."

"அவிய தரலேன்னா?"

"வர்றது ஐப்பசி. மழை இறங்கிட்டா எந்த ஊருலயும் பெட்டி காயாது. அதுக்குள்ள குமிச்சு வச்சாத்தான் கம்பெனி ஓடும். அவியளுக்குத்தான் இப்ப அவசரம். நமக்கு எப்பவும்தான் அவசரம்."

"நீ சொல்லுவ. ஒனக்கு மேற்க இருந்து ஆட்டுக்காரவிய வருவாவ."

"வாரதுக்குள்ள நான் இங்கன இருக்கணும்லா" என்றாள்.

அதன் பொருள் அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அந்த வருஷம் வீட்டைப் பூட்டிவிட்டுக் கோவில்பட்டிக்குப் போன குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளோடு கம்பெனியில் உட்கார்ந்து குச்சி அடுக்குவார்கள், கம்பெனிக்குப் பின்னாலேயே குடியிருப்பார்கள். போனவர்களில் திரும்பியவர்கள் குறைவு. அக்கா அப்படிப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அவள் போராடியது அந்த ஒன்றுக்காகத்தான்: வீட்டுக்கதவு பூட்டப்படாமல் இருக்க வேண்டும், மந்தை திரும்பி வரும்போது அது வந்து சேர ஒரு பட்டி இருக்க வேண்டும்.

ஏஜெண்டு இரண்டொரு நாளில் வந்தார். ஆள் தமாஷானவர், குரல் பெரிசு. சைக்கிள் கேரியரில் சீவல்கட்டு தலை உயரத்துக்கு நின்றது.

"என்ன, தெருவே வெறிச்சின்னு கெடக்கு? பெட்டி எங்க?"

"ஒட்டல அண்ணாச்சி" என்றாள் அக்கா.

"ஏன், கையெல்லாம் சுளுக்கிக்கிட்டா?"

"கைக்கு ஒண்ணுமில்ல. பசைதான் சுளுக்கிக்கிட்டு."

அவர் சைக்கிளை நிறுத்தவில்லை, காலை ஊன்றி நின்றார். "மாவு நின்னுபோச்சுன்னு கேள்விப்பட்டேன். அதுக்கு நான் என்ன செய்ய? கடையில வாங்கி ஒட்டுங்க."

"நாங்க வாங்குனா நாங்க குடிப்போம். பெட்டி குடிக்கதுக்கு நீங்கதான் வாங்கணும்."

"அன்னைக்கு மைதா வெல வேற."

"அன்னைக்கு எங்க வயிறும் வேறதான் அண்ணாச்சி."

"அப்பம் நான் வேற ஊருல போட்டுட்டுப் போறேன்."

"போடுங்க. அங்கனயும் மாவு சங்கத்துதான். அந்த ஐயா அடுத்தால அங்கதான் போறாராம்."

இது பொய். மேற்பார்வையாளர் எங்கே போகிறார் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. ஆனால் ஏஜெண்டு முகத்தில் சிரிப்பு போயிற்று. சைக்கிளைத் திருப்பினார். தெருக்கோடியில் ஒருத்தி ஓடிப்போய், "எனக்கு மட்டும் ஒரு கட்டு போடுங்க அண்ணாச்சி, நான் புளியங்கொட்டை வச்சு ஒட்டித் தாரேன்" என்றாள். "கறை பிடிச்ச பெட்டிய நான் என் தலையிலயா கவுத்துக்கிட?" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அக்கா அந்தப் பெண்ணைத் திட்டவில்லை. சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போய் முருங்கைக்கீரை கொடுத்துவிட்டு வந்தாள்.

அதன்பிறகு வந்த நாட்கள்தான் கஷ்டமானவை. மாவும் இல்லை, சீவலும் இல்லை. கீரை, கொட்டிக்கிழங்கு, எங்கள் வீட்டில் மிச்சம் இருந்த சோளம் என்று கைமாறிக்கொண்டு ஓடியது. ஆட்டு வியாபாரி ஒருவர் எட்டயபுரம் சந்தைக்குப் போகிற வழியில் தெருவுக்குள் நுழைந்தார். இந்த மாதிரி நேரத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைய வேண்டும் என்று அந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். அக்கா வீட்டு ஆடுகளை விலாவில் தட்டிப் பார்த்தார்.

"எலும்பாத்தான் நிக்கிது. குடுத்துரு."

"ரெண்டும் சினை. தர முடியாது."

"தீவனத்துக்கு எங்க போவ?"

"அவிய வந்து எண்ணிப் பாப்பாவ. கொறஞ்சா நான் பதில் சொல்லணும்."

"அவிய வரும்போது நீயும் எலும்பாத்தான் நிப்ப."

"அதையும் எண்ணிக்கிடட்டும்."

அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கே ஓர் ஆடு விற்பனையானது. அதை ஓட்டிக்கொண்டு போகும்போது அக்கா பார்க்கவில்லை, வீட்டுக்குள் போய்விட்டாள்.

ஏஜெண்டு திரும்பி வந்தபோது கேரியரில் சீவல்கட்டுக்கு அடியில் ஒரு மூட்டை இருந்தது. இறக்கிப் போட்டு, "இந்தா பிடிங்க உங்க மைதா" என்றார். பெண்கள் மூட்டையைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாவு வெள்ளையாக இல்லை. வெளிறின நீலமாக இருந்தது.

"என்ன அண்ணாச்சி, மாவுக்குச் சீக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"துத்தம் பொடிச்சுக் கலந்தாச்சு. கம்பெனியில சொல்லிட்டாவ. வெள்ளையாக் குடுத்தா அது பெட்டிக்கு வராதாம், உங்க அடுப்புக்குத்தான் போகுமாம்."

பக்கத்து வீட்டுக்காரி மாவு பட்ட விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு அக்காதான் முதலில் சிரித்தாள். தெருவே சிரித்தது. ஏஜெண்டுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவரும் சேர்ந்துகொண்டார்.

"சரியாத்தான் யோசிச்சிருக்காவ" என்றாள் அக்கா. "வெள்ளையா வந்திருந்தா இந்நேரம் கஞ்சிதான்."

அது உண்மை. சங்கத்துக்குச் சோறு பசையாகிவிடும் என்ற பயம். கம்பெனிக்குப் பசை சோறாகிவிடும் என்ற பயம். இரண்டு பயத்திலும் நியாயம் இருந்தது. எங்களை இரண்டு பேருமே சரியாகத்தான் அறிந்திருந்தார்கள். ஆனால் கம்பெனியின் சந்தேகம் எங்களுக்குச் செய்த உதவியை எந்த நல்லெண்ணமும் செய்திருக்க முடியாது. இனி பசை நீலம், கஞ்சி வெள்ளை. தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும். யாரும் சத்தியம் செய்ய வேண்டியதில்லை, யாரும் வீட்டுக்குள் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை. பெண்கள் நீல மூட்டையைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் பரண்மேல் ஏற்றினார்கள்.

அன்றைக்கே நான் சங்கத்துக்குக் கார்டு போட்டேன். மேற்பார்வையாளர் அந்த வாரமே வந்தார். நேரே அக்கா வீட்டுக்குப் போய்ச் சட்டியைப் பார்த்தார். ஒரு சிட்டிகை மாவை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். நீலம் தெளிவாக ஏறியது.

"இதை யாரும் சாப்பிட மாட்டாங்கன்னு எப்படி நம்பறது?" என்று கேட்டார். இப்போது அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

"நீங்க ஒரு வாய் போட்டுப் பாருங்கய்யா. நான் தம்பிய வைத்தியரக் கூட்டிட்டு வரச் சொல்லுதேன்."

"பெட்டி வேலை கையை விட்டுப் போகலியே?"

"விடுவமா? பசைதான் கை மாறிட்டு."

அவர் கையைக் கழுவிக்கொண்டு, நாளையிலிருந்து ஆள் வரவு எழுதச் சொன்னார். மறுநாள் காலையில் கரையில் முன்பு வந்ததைவிட அதிகம் பேர் வந்தார்கள். மணியாச்சிக்குப் போனவர்கள் வேலை இல்லாமல் திரும்பியிருந்தார்கள். நடந்த சண்டையை யாரும் எடுக்கவில்லை. சம்சாரி வீட்டுக்காரர் தன் வீட்டில் விற்காமல் வைத்திருந்த ஒரே மாட்டு வண்டியைக் களிமண் அடிக்கக் கொடுத்தார். அவர் வீட்டுப் பெண்கள் அதன்பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பெட்டி ஒட்டினார்கள்.

கரையின் வாயை மூடி, மேல்மண் போட்டு இடித்து முடித்தபோது ஐப்பசி பிறந்திருந்தது. முதல் மழை சாதாரண மழை. கரிசலின் வெடிப்புக்கே போதவில்லை. இரண்டாவது மழை இரவும் பகலுமாகப் பெய்தது. விடிந்ததும் நான் போய்ப் பார்த்தேன். புதுக்கரையின் அடியில் ஓர் இடத்தில் ஈரம் கசிந்தது, அவ்வளவுதான். கண்மாய் நிறையவில்லை, பாதிக்குக் கொஞ்சம் மேலே நின்றது. எங்களுக்கு அது போதும். கம்பு விதைக்க நாள் தப்பிவிட்டது. உளுந்தும் பாசிப்பயறும் விதைத்தோம், கடைசியில் கொத்தமல்லியும் போட்டோம்.

கார்த்திகையில் சொன்னபடி மாவு நின்றது. அன்று யாரும் கலங்கவில்லை. மேற்பார்வையாளர் கடைசி நாளில் வந்து, கரைமேல் ஒரு தடவை நடந்துவிட்டுப் போனார். சங்கம் அடுத்த வருஷம் வேறு பக்கத்துக்குப் போயிற்று என்று கேள்விப்பட்டேன். மாசியில் கீதாரி மந்தையோடு வந்தார். போன ஆடுகளில் பல திரும்பவில்லை. ஆனால் திரும்பிய மந்தைக்குப் பட்டி இருந்தது, வாசலில் ஆள் இருந்தது, பட்டியில் நான்கு குட்டிகள் துள்ளின. அக்கா அதற்குப் பிறகு பல வருஷம் பெட்டி ஒட்டினாள். கீதாரி ஊரில் இருந்த மாதங்களில் அவரும் ஒட்டினார். அவர் கை மோசம் என்று தெருவே சொல்லும்.

பஞ்ச நிவாரணத்தைப் பற்றிப் பிற்பாடு நிறையப் படித்திருக்கிறேன். கொடுக்கிறவர்களின் பார்வையில் எழுதியவையே அதிகம். எவ்வளவு கொடுத்தார்கள் என்று அவற்றில் இருக்கும். கொடுப்பது நின்ற மறுநாள் எத்தனை வீட்டில் அடுப்பு எரிந்தது என்று இருக்காது. என்னைக் கேட்டால் கணக்கை அங்கேதான் தொடங்க வேண்டும். எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் எரிந்தது. இதை நான் தெருத்தெருவாகப் போய்ப் பார்த்தே எழுதுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மணியாச்சிக்கு அப்பால் ஓர் ஊருக்குக் கல்யாணத்துக்குப் போனபோது, ஒரு வீட்டுப் பரணில் நீல மைதா மூட்டையைப் பார்த்தேன். ஏஜெண்டுகள் துத்தம் கலந்தே கொடுப்பதுதான் இங்கே வழக்கம் என்றார்கள். இது எங்கள் ஊரில் தொடங்கியது என்று நான் சொன்னதும் அந்த வீட்டம்மா, "நல்லாருக்கே கத, எங்க ஊருலதான மொதல்ல போட்டாவ" என்றாள். எந்த வருஷம் என்று கேட்டேன். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பழைய ஏஜெண்டு அதற்குள் காலமாகிவிட்டார். அந்தக் கம்பெனியும் கைமாறிவிட்டது. எங்கள் தெருவில் கேட்டால் எங்கள் ஊர்தான் முதல் என்று அடித்துச் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் இதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. இது இன்றுவரை சரிபார்க்கப்படாத செய்தி.